செருப்புப் போடாத குதிரைகள்!

என்ன குட்டீஸ், ஒரு கணக்குப் போடலாமா?

ஒரு ராஜா ஒரே வருடத்தில் 2,000 குதிரைகள் வாங்குகிறார். வருடக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் 100 குதிரைகள்கூட உயிரோடு இல்லை. மறு வருடம் மீண்டும் 2,000 வாங்குகிறார். அவையும் போய்விடுகின்றன. எந்தப் போரிலும் அவை சாகவில்லை. ஆனாலும் செத்துப் போயின!

இது கட்டுக்கதை அல்ல. சுமார் 1292-ம் ஆண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ என்ற வெனிஸ் நகரப் பயணி சொன்ன செய்தி. அப்போது நம் விருதுநகர் வட்டாரமும் பாண்டிய நாட்டில்தான் இருந்தது. குதிரைகள் கப்பலில் வந்து இறங்கிய காயல் துறைமுகமும் தூரத்தில் இல்லை. பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியில், தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே இருக்கும் பழையகாயல்தான் அது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

அத்தனை குதிரைகளும் ஏன் செத்தன? இதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் குதிரையின் முகத்தைப் பார்த்தால் போதாது. குனிந்து காலைப் பார்க்க வேண்டும். வாருங்கள், துப்புத் துலக்கலாம்!

தங்கம் கொடுத்து வாங்கிய குதிரை

தமிழ்நாட்டின் வெப்பமும் புல்வெளியும் குதிரை வளர்ப்புக்கு அவ்வளவாக ஏற்றவை அல்ல. அதனால் பழங்காலத்தில் இருந்தே நம் மன்னர்கள் கடல் கடந்துதான் குதிரை வாங்கினார்கள். காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கப்பலில் குதிரைகள் வந்ததைப் ‘பட்டினப்பாலை’ சொல்கிறது. நரியைப் பரியாக்கிய திருவிளையாடல் உங்களுக்குத் தெரியும்தானே? பாண்டிய மன்னர் மாணிக்கவாசகரிடம் பொன்னைக் கொடுத்து, ‘குதிரை வாங்கி வா’ என்று அனுப்பியதில்தான் அந்தக் கதையே தொடங்குகிறது.

மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் இந்த வியாபாரம் உச்சத்தில் இருந்தது. பாரசீக வளைகுடாவில் உள்ள கிஷ் தீவின் வணிகர்கள் ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் அனுப்புவதாக ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ஒரு குதிரையின் விலை 220 பொற்காசுகள்! வழியில் குதிரை செத்துப் போனாலும் அரண்மனைக் கஜானாவில் இருந்து பணம் வந்துவிடும். இதையெல்லாம் எழுதியவர், வசாஃப் என்ற பாரசீக வரலாற்று ஆசிரியர்.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குதிரையை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்?

மார்க்கோ போலோ சொல்கிறார்: ‘சோற்றோடு வேகவைத்த இறைச்சியைக் கலந்து கொடுத்தார்கள்.’ புல் தின்னும் பிராணிக்கு இறைச்சிச் சோறு!

வசாஃப் சொல்கிறார்: ‘வறுத்த வாற்கோதுமையும், வெண்ணெய் சேர்த்த தானியமும், காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தார்கள். கொழுக்க வேண்டும் என்று 40 நாட்கள் லாயத்தில் கயிற்றாலும் முளைக்குச்சியாலும் கட்டிப் போட்டார்கள். பிறகு, எந்தப் பயிற்சியும் இல்லாமல் திடீரென்று ஏறி விரட்டினார்கள்.’

இன்னொரு விஷயம். குதிரைக் காலைக் கவனித்து வைத்தியமும் பார்க்கத் தெரிந்த ஆளே இங்கே இல்லை என்கிறார் மார்க்கோ போலோ. அந்தக் காலத்தில் லாடக்காரரே குதிரை வைத்தியரும்கூட. அப்படிப்பட்டவர்கள் பாண்டிய நாட்டுக்கு வந்துவிடாமல் குதிரை வணிகர்களே தடுத்தார்களாம். ஏன் தெரியுமா? குதிரைகள் நன்றாக வாழ்ந்தால் புதுக் குதிரை விற்காதே!

சாலிஹோத்திரர் என்ற முனிவரின் பெயரில் குதிரை வைத்திய நூல்கள் இந்தியாவில் முன்பே இருந்தன. ஆனால் ஏட்டில் இருந்தால் போதுமா? மார்க்கோ போலோ பார்த்த லாயங்களில் கைப்பழக்கம் உள்ள குதிரை வைத்தியர் மட்டும் குதிரைக்கொம்பாகவே இருந்தார்!

ஒற்றை விரலில் நிற்கும் விலங்கு

சரி, இப்போது குதிரையின் காலைப் பார்ப்போம்.

உங்கள் கையை மேஜை மேல் ஊன்றி, நடுவிரல் நுனியைத் தவிர மற்ற விரல்களைத் தூக்கிவிடுங்கள். அந்த ஒரே விரலின் நகத்தில் நிற்க முடியுமா? குதிரை அப்படித்தான் நிற்கிறது! குளம்பு என்பது அதன் நடுவிரலின் நகம்தான். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த குதிரையின் மூதாதை ஒரு நாய் அளவுதான் இருந்தது. அதற்கு முன்னங்காலில் நான்கு விரல்கள், பின்னங்காலில் மூன்று. கோடிக்கணக்கான ஆண்டுகளில் மற்ற விரல்கள் சுருங்கிப் போய், நடுவிரல் மட்டும் பெரிதாகிக் குளம்பானது. சுமார் 400, 500 கிலோ எடையை நான்கு நகங்கள் தாங்குகின்றன.

உங்கள் நகமும் தலைமுடியும் எதனால் ஆனவையோ, அதே கெரட்டின் என்ற பொருளால் ஆனதுதான் குளம்பின் வெளிச்சுவர். அதை வெட்டினால் வலிக்காது. ஆனால் குளம்பு முழுவதும் அப்படி அல்ல. உள்ளே எலும்பு, ரத்தக் குழாய்கள், நரம்புகள் எல்லாம் இருக்கின்றன.

குதிரையின் காலை மடக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தால், நடுவில் முக்கோண வடிவத்தில் ரப்பர் போன்ற ஒரு மெத்தை தெரியும். ஆங்கிலத்தில் இதன் பெயர் என்ன தெரியுமா? ‘ஃப்ராக்’. ஆமாம், தவளைதான்! குதிரை காலை ஊன்றும்போது குளம்பு லேசாக விரிகிறது. இந்த மெத்தை அதிர்ச்சியைத் தாங்குகிறது. தூக்கும்போது குளம்பு பழையபடி சுருங்குகிறது. இப்படி ஒவ்வொரு அடிக்கும் குளம்புக்குள் இருக்கும் ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அதனால்தான் ‘குதிரைக்கு ஐந்து இதயம்’ என்று குதிரைக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். நெஞ்சில் ஒன்று, காலில் நான்கு!

செய்து பாருங்கள்!

1. உங்கள் கட்டை விரல் நகத்தை மெல்ல அழுத்துங்கள். வெளுத்துப் போகிறதா? விட்டதும் மறுபடி சிவக்கிறதா? நகத்துக்குக் கீழே ரத்தம் விலகித் திரும்பி வருவதைத்தான் பார்த்தீர்கள். நடக்கும் குதிரையின் குளம்புக்குள்ளும் இதுபோல ரத்தம் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

2. நகத்தின் அடியில், தோலை ஒட்டி, நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு மாதம் கழித்து அளந்து பாருங்கள். சுமார் 3 மில்லி மீட்டர் நகர்ந்திருக்கும். குதிரைக் குளம்போ மாதத்துக்கு 8 முதல் 10 மில்லி மீட்டர் வரை வளர்கிறது. மேலே முளைத்த குளம்பு, முன் நுனியில் தரையைத் தொட ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். ஆகவே இன்று ஒரு குதிரைக்கு நல்ல தீனி கொடுத்தால், அதன் பலன் அடுத்த வருடம்தான் அதன் கால் நுனியில் தெரியும்!

லாடம் எதற்கு?

காட்டில் திரியும் குதிரைக்கு லாடம் கிடையாது. அது புல்லையும் தண்ணீரையும் தேடித் தினமும் பல கிலோ மீட்டர் நடக்கிறது. குளம்பு வளர வளர, கல்லும் மண்ணும் அதைத் தேய்த்துவிடுகின்றன. வரவுக்கும் செலவுக்கும் சரியாகப் போய்விடும்.

மனிதனிடம் வந்ததும் இந்தக் கணக்கு தப்பிவிட்டது. பாரம் இழுத்துக் கல் பாவிய சாலையில் நாள் முழுக்க ஓடும் குதிரைக்கு, வளர்வதைவிட வேகமாகக் குளம்பு தேய்ந்தது. அதற்குத்தான் இரும்புச் செருப்பான லாடம் வந்தது. ஆணி அடித்துப் பொருத்தும் லாடம் உலகில் பரவலாகி ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. வலி தெரியாத வெளிச்சுவரில்தான் ஆணி அடிப்பார்கள். கொஞ்சம் தப்பி உள்ளே போனாலும் குதிரை நொண்டும்.

அதற்கு முன்? சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த செனபன் என்ற கிரேக்க வீரர் குதிரை வளர்ப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் சொன்ன யோசனை என்ன தெரியுமா? லாயத்துக்கு வெளியே நாலைந்து வண்டி உருண்டைக் கற்களைக் கொட்டிப் பரப்புங்கள். தேய்த்துக் குளிப்பாட்டும்போது குதிரை அதன் மேல் நிற்கட்டும். குளம்பு உறுதியாகும். லாயத்தின் தரை ஈரமாகவோ வழவழப்பாகவோ இருந்தால் நல்ல குளம்பும் கெட்டுப் போகும். லாடமே இல்லாத காலத்தில், குதிரையின் காலைக் காப்பாற்றத் தரையைத்தான் சரிசெய்தார்கள்.

தீப்பொறி ரகசியம்

லாடம் கட்டிய குதிரையோ காளையோ கருங்கல்லில் ஓங்கி மிதித்தால் சில நேரம் தீப்பொறி பறக்கும். கல்லில் உரசிய இரும்பின் நுண்ணிய துணுக்கு, சூடேறிக் காற்றில் எரிவதால் வரும் பொறி அது. நம் ஊர்க் கம்பி மத்தாப்பில் பூப்பூவாகச் சிதறுவதும் எரியும் உலோகத் துணுக்குகள்தான். பட்டாசு ஆலைக்குள் இரும்பு ஆணி வைத்த செருப்புடன் போகக் கூடாது என்பதன் காரணமும் இதுவே. வெறும் குளம்பு எவ்வளவு ஓங்கி மிதித்தாலும் பொறி பறக்காது!

வெறுங்கால் குதிரைக்கு ஆறு வேலைகள்

உலகில் பல இடங்களில் இப்போது குதிரைகளை லாடம் இல்லாமலே வளர்க்கிறார்கள். ‘லாடச் செலவு மிச்சம்’ என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டால் ஆபத்து. வெறுங்கால் குதிரைக்குத்தான் கவனிப்பு அதிகம் வேண்டும்.

1. தினமும் சுத்தம்: முனை மழுங்கிய வளைந்த கொக்கியால் குளம்பின் அடியில் அடைந்திருக்கும் மண், சாணம், சிறு கல், கண்ணாடித் துண்டு எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். குதிகாலில் இருந்து முன் நுனியை நோக்கித்தான் கிளற வேண்டும். முக்கோண மெத்தையின் இரண்டு பக்கமும் உள்ள பள்ளங்கள் முக்கியம்.

2. காய்ந்த தரை: சாணியும் மூத்திரமுமாக ஊறிய தரையில் நின்றால் அந்த மெத்தை கிருமி தாக்கி அழுகும். கறுப்பாகக் கசியும், நாற்றம் குடலைப் பிடுங்கும். மருந்து போட்டாலும், தரை காயாவிட்டால் மறுபடி வரும்.

3. நடை: கட்டியே கிடந்தால் குளம்பு தேயாது, ரத்தமும் சரியாக ஓடாது. தினமும் நடக்க விட வேண்டும்.

4. சீவி விடுதல்: ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை, வளர்ந்த சுவரை இடுக்கியால் வெட்டி, அரத்தால் ராவி, ஓரத்தை உருட்டி விடுவார்கள். சிலேட்டின் கூர் முனை சுலபமாகப் பெயரும். உருட்டிய முனை பெயராது இல்லையா? அதே கதைதான். அடிப்பாகத்தையும் மெத்தையையும் தேவையில்லாமல் செதுக்கக் கூடாது. குதிரைக்கு அதுதான் செருப்பு! இது பழகியவர்கள் மட்டுமே செய்யும் வேலை.

5. அளவான தீனி: பச்சைப் புல்லும் உலர்ந்த புல்லும்தான் முக்கிய உணவு. தானியம் அளவோடுதான். ‘சாப்பாட்டுக்கும் குளம்புக்கும் என்ன சம்பந்தம்?’ என்கிறீர்களா? அங்கேதான் நம் மர்மத்தின் விடை இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

6. கண்காணிப்பு: குளம்பைத் தொட்டால் வழக்கத்தைவிடச் சூடாக இருக்கிறதா? விரிசல் மேல்நோக்கி ஏறுகிறதா? நடக்கும்போது தலையை ஆட்டி ஆட்டி நொண்டுகிறதா? உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

மர்மம் விலகியது!

குதிரை அளவுக்கு மீறித் தானியம் தின்றால் அதன் வயிற்றில் செரிமானம் கெட்டு, விஷப் பொருட்கள் ரத்தத்தில் கலக்கின்றன. அவை போய்த் தாக்கும் இடம், ஆச்சரியம்... குளம்பு! குளம்புச் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைத்திருக்கும் மெல்லிய திசு மடிப்புகள் வீங்கிப் போகின்றன. நகத்துக்குள் வீக்கம் வந்தால் எப்படி வலிக்கும்? வீங்கவும் இடம் கிடையாது. முற்றிவிட்டால் பிணைப்பு அறுந்து, எலும்பு கீழே இறங்கிவிடும். பிறகு அந்தக் குதிரை நிற்பதே கஷ்டம். முன்னங்கால்களை முன்னே நீட்டிக்கொண்டு, எடையைக் குதிகாலில் போட்டுச் சாய்ந்து நின்றால் அது இந்த நோயின் அடையாளம்.

இப்போது பாண்டியர் லாயத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். வெண்ணெய்த் தானியம். 40 நாள் கட்டு. காலைப் பார்க்க ஆள் இல்லை. பிறகு திடீர் ஓட்டம். மேலே சொன்ன ஆறு வேலைகளில் ஒன்றுகூட நடந்ததாகத் தெரியவில்லை! எல்லாக் குதிரைகளும் குளம்பு நோயால்தான் செத்தன என்று சொல்ல முடியாது. நம் ஊர் வெயில், பழக்கமில்லாத உணவு, வேறு நோய்கள் எல்லாமே சேர்ந்திருக்கும். ஆனால் பட்டினி போட்டு அவற்றைக் கொல்லவில்லை. ஆசையாக ஊட்டி, அறியாமையால் கொன்றார்கள். பாசம் மட்டும் போதாது குட்டீஸ், பராமரிப்பும் தெரிய வேண்டும்.

நம் ஊர் மண் எப்படி?

விருதுநகர் மாவட்டத்தில் கோடையில் தரை காய்ந்து கல்லாகக் கிடக்கும். வறண்ட, கல் நிறைந்த நிலம் குளம்பை உறுதியாக்கும். ஆனால் காய்ச்சல் அதிகமானால் விளிம்பு வறண்டு பெயர்ந்து போகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் கரிசல் மண் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். செருப்பில் அப்பிக்கொண்டு காலைத் தூக்கவே விடாது! குளம்பின் அடியிலும் அப்படியே அப்பிக்கொள்ளும். உள்ளே ஒரு முள்ளோ கல்லோ இருந்தாலும் வெளியே தெரியாது. அதனால் மழைக்காலத்தில் காலையிலும் மாலையிலும் சுத்தம் செய்து, மேடான காய்ந்த இடத்தில் கட்ட வேண்டும்.

கழுதைகளுக்கும் இது பொருந்தும். கழுதையின் காட்டு மூதாதைகள் ஆப்பிரிக்காவின் வறண்ட பாறை நிலத்தில் வாழ்ந்தவை. அதனால் அதன் குளம்பு காய்ந்த தரைக்கென்றே அமைந்தது. ஈரத்தில் சீக்கிரம் ஊறிக் கெட்டுவிடும். ‘கழுதைதானே’ என்று சீவாமல் விட்டால், குளம்பு முன்பக்கம் செருப்பு மாதிரி நீண்டு வளைந்து நடையே கெட்டுப் போகும்.

வண்டிக் காளைக்கு ஏன் லாடம் அடிக்கிறார்கள்? தார்ச் சாலையில் பாரம் இழுப்பதால்தான். காளைக்குக் குளம்பு இரண்டாகப் பிளந்திருக்கும். அதனால் ஒரு காலுக்கு இரண்டு தகடுகள். உழவுக்கு மட்டும் போகும் மாட்டுக்கு லாடம் தேவைப்படுவதில்லை.

லாடத்தைக் கழற்றினால்...

பல வருடம் லாடம் போட்ட குதிரைக்கு ஒரே நாளில் அதைக் கழற்றிவிட்டுக் கல் சாலையில் ஓட்டலாமா? கூடவே கூடாது! நீங்கள் செருப்பில்லாமல் சரளைக் கல்லில் நடந்தால் எப்படி இருக்கும்? முதலில் மணல் தரை, பிறகு கெட்டி மண், அதன் பிறகே கல் தரை. இப்படி மாதக் கணக்கில் பழக்க வேண்டும். சில குதிரைகளுக்கு நடக்கும் நேரத்தில் மட்டும் மாட்டிக் கழற்றும் ரப்பர் காலணிகளும் உண்டு. நாள் முழுக்கத் தார்ச் சாலையில் பாரம் இழுக்கும் குதிரைக்கும், குளம்பு பலவீனமான குதிரைக்கும் லாடம்தான் நல்லது என்று மருத்துவர் சொல்லலாம். லாடம் போடுவதும் போடாததும் குதிரையையும் அதன் வேலையையும் பொறுத்தது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* கொடைக்கானல், ஊட்டி, மெரினா என்று எங்கே குதிரைச் சவாரிக்குப் போனாலும், ஏறும் முன் குதிரை நடப்பதைப் பாருங்கள். நொண்டினால் ஏறாதீர்கள். குதிரைக்காரரிடம், ‘அண்ணே, குதிரை நொண்டுது, காலைப் பாருங்க’ என்று பணிவாகச் சொல்லுங்கள்.

* குதிரைக்குப் பின்னால் போய் நிற்காதீர்கள். காலைத் தூக்கிப் பார்க்கும் வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

* பாசத்தில் பிஸ்கட், பொங்கல், சாதம் என்று வாரி வழங்காதீர்கள். பாண்டியர் குதிரைகள் ஞாபகம் இருக்கட்டும்!

* உங்கள் தெருவில் நொண்டும் குதிரை, கழுதை, காளை எதைப் பார்த்தாலும் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி, அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் கொடுக்கச் சொல்லுங்கள்.

‘குளம்பு இல்லையேல் குதிரை இல்லை’ என்பது உலகம் முழுக்கக் குதிரைக்காரர்கள் சொல்லும் பழமொழி. 220 பொற்காசு கொடுத்த மன்னருக்கு அதைச் சொல்ல அன்று ஆள் இல்லை. இன்று உங்களுக்குத் தெரியும். அடுத்த முறை குதிரையைப் பார்க்கும்போது, பிடரியையும் வாலையும் ரசிப்பதற்கு முன்னால் அதன் கால்களை ஒருமுறை பாருங்கள். என்ன குட்டீஸ், பார்ப்பீர்கள்தானே?